ஒரு சத்தம், இரண்டு பழுது: சிங்கப்பூரில் ஒரு கிரைஸ்லர் 300சி

பின்னணி

இந்தக் கார் 2008 அக்டோபரில் சிங்கப்பூரில் பதிவானது. கிரைஸ்லர் 300சி, 5.7 லிட்டர் ஹெமி வி8, 5,654 சிசி. வலப்பக்க ஸ்டியரிங் கொண்ட 300சி கார்கள் அந்தக் காலத்தில் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் தயாராகி வந்தன. உரிமையாளர் ஐம்பது வயதைத் தாண்டிய தமிழர், துவாஸ் பக்கம் வேலை. காருக்கு அவர் இரண்டாவது உரிமையாளர். பழுது முற்றிய பிறகு கார் வந்து சேர்ந்த ஒர்க்‌ஷாப்பில் நான் மேற்பார்வையாளர். அவருடைய ஒப்புதலோடுதான் இதை எழுதுகிறேன். இதே எஞ்சினை வைத்திருப்பவர்கள் இங்கே அதிகம் இல்லை. ஒருவருக்கு நடந்தது இன்னொருவர் காதுக்குப் போவதும் அபூர்வம். அதனால்தான் இதை முழுமையாகப் பதிவு செய்கிறேன்.

2018-ல் பத்து ஆண்டு முடிந்தபோது அவர் உரிமைச் சான்றிதழை (சிங்கப்பூரில் கார் வைத்திருக்க ஏலத்தில் வாங்கும் பத்தாண்டு அனுமதி, சிஓஇ) மேலும் பத்து ஆண்டுக்குப் புதுப்பித்தார். அந்த ஆண்டின் பிற்பகுதியில் சான்றிதழின் விலையான பிரீமியம் தணிந்திருந்தது. புதுப்பித்ததால் முதலில் கட்டிய கூடுதல் பதிவுக் கட்டணத்தில், காரைப் பதிவு நீக்கும்போது திரும்பக் கிடைக்கும் பங்கு போய்விட்டது. மாதவாரியாகக் குறைந்துகொண்டே வரும் உரிமைச் சான்றிதழின் மீதத் தொகை மட்டுமே கையில் நின்றது. சாலை வரியும் சும்மா இல்லை. இந்த எஞ்சின் அளவுக்கு ஆண்டுக்குச் சுமார் 6,536 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). பத்து வயதைத் தாண்டிய காருக்கு ஆண்டுக்குப் பத்து விழுக்காடாகக் கூடுதல் கட்டணம் ஏறி, பதினான்கு வயதைத் தாண்டியதும் ஐம்பது விழுக்காட்டில் நிற்கும். அப்படிப் பார்த்தால் 2022 அக்டோபரிலிருந்து சுமார் 9,804 வெள்ளி. பின்னால் எடுத்த முடிவு ஒவ்வொன்றுக்கும் அடியில் இந்த எண்கள் கிடந்தன.

அதுவரை கார் பெரிய தொல்லை எதுவும் தரவில்லை. ஒருமுறை கியர்பாக்ஸ் இரண்டாவது கியரிலேயே சிக்கிக்கொண்டது. வயர் இணைப்பான் வழியாக ஆயில் கசிந்ததே காரணம். இந்தக் காரின் ஐந்து வேக கியர்பாக்ஸ் மெர்சிடிஸ் வடிவமைப்பு. மெர்சிடிஸின் தாய் நிறுவனமான டைம்லரும் கிரைஸ்லரும் 1998 முதல் 2007 வரை ஒரே நிறுவனமாக இருந்ததன் மிச்சம் அது. மெர்சிடிஸ் பார்க்கும் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்பில் ரப்பர் வளையங்கள் கொண்ட அந்தப் பிளாஸ்டிக் துண்டை அன்றைக்கே மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். அதனால் இந்தக் காருக்கு எந்தப் பாகமும் இப்படித்தான் கிடைக்கும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை வந்திருந்தது. எஞ்சின் விஷயத்தில் அந்த நம்பிக்கை பலிக்கவில்லை.

முதல் சத்தம், முதல் பழுது

2021 கடைசியில், காலையில் பலமாடிக் கார் நிறுத்துமிடத்தில் ஸ்டார்ட் செய்யும்போது டிக் டிக் என்று ஒரு சத்தம் கேட்கத் தொடங்கியது. சாலையில் ஏறி எஞ்சின் சூடானதும் ஏறக்குறைய அடங்கிவிடும். அப்போது அவர் போய்க்கொண்டிருந்த ஒர்க்‌ஷாப்பில் வலப்பக்க எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் (சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியேற்றும் குழாய்) பின்கோடி போல்ட் முறிந்திருப்பதைக் கண்டுபிடித்தார்கள். மேனிஃபோல்டு சேரும் இடத்தில் கரி படிந்திருந்தது.

அது சரியான கண்டுபிடிப்புதான். இந்த எஞ்சினில் பின்கோடி போல்ட்கள் முறிவது பலரும் அறிந்த சங்கதி. அலுமினிய ஹெட்டும் மேனிஃபோல்டும் சூட்டில் ஒரே அளவு விரிவதில்லை. ஆண்டுக்கணக்கில் அந்த இழுபறியைப் போல்ட்தான் தாங்குகிறது. குளிர்ந்திருக்கும்போது இடைவெளி வழியாகப் புகை தெறித்துச் சத்தம் வரும், சூடேறினால் இடைவெளி மூடிக்கொள்ளும். ஸ்டியரிங் தண்டும் அதே பக்கம் இறங்குவதால் கை நுழைய இடமில்லை. அப்படியும் முறிந்த தண்டைப் பொறுமையாக எடுத்து, அந்தப் பக்கப் போல்ட்கள் அனைத்தையும் புதிதாகப் போட்டுக் கொடுத்தார்கள். காலைச் சத்தம் வெகுவாகக் குறைந்தது. வேலை முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

சத்தம் முழுக்கப் போகவில்லை, உற்றுக் கேட்டால் மெல்லக் கேட்டுக்கொண்டே இருந்தது என்று உரிமையாளர் பின்னாளில் சொன்னார். எண்பது விழுக்காடு சரியாகிவிட்டதே என்று விட்டுவிட்டாராம். யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள். ஒரு பழுது கண்ணுக்கு நேராகக் கிடைத்து, அதைச் சரி செய்து, பலனும் தெரிந்த பிறகு, இன்னொன்றும் உள்ளே இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

2022 ஆகஸ்ட்: எஞ்சின் விளக்கு

வார இறுதிகளில் அவர் குடும்பத்தோடு ஜோகூருக்குப் போய் வருவார். அப்படி ஒரு பயணத்தில் உட்லண்ட்ஸ் கடற்பாலத்தில் வரிசையில் நின்றபோது எஞ்சின் விளக்கு எரிந்தது. கார் லேசாக நடுங்கியது. திரும்பி வந்து ஸ்கேன் செய்தபோது பி0306, அதாவது ஆறாவது சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியவில்லை (மிஸ்ஃபயர்) என்று வந்தது. அதன் பிறகுதான் கார் எங்களிடம் வந்தது.

சூடான எஞ்சினில் இப்போது சத்தம் தெளிவாகவே கேட்டது. மேனிஃபோல்டு மறுபடியும் விட்டுக்கொடுத்துவிட்டதோ என்பதுதான் முதலில் எழுந்த ஐயம். இதே சத்தம் லிஃப்டரிலிருந்தும் வரலாம். சுழலும் கேம்ஷாஃப்ட்டின் மேடு தள்ளும்போது அந்த அசைவை வால்வுக்குக் கொண்டுபோகும், உருளை வைத்த பாகம் அது. கசியும் மேனிஃபோல்டும் பழுதான லிஃப்டரும் கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் ஒருமுறைதான் சத்தம் போடும். தாளத்தை வைத்து இரண்டையும் பிரிக்க வழியில்லை. போதாததற்கு ஆறாவது சிலிண்டரும், போல்ட் முறிந்திருந்த எட்டாவது சிலிண்டரும் ஒரே பக்கம், அடுத்தடுத்து உள்ளவை. அனுபவசாலிகளும் தடுமாறும் இடம் இது. காதை மட்டும் நம்பி எதையும் பிரிக்க வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

செய்த சோதனைகளும் அவற்றின் வரிசையும்

செலவு குறைந்ததிலிருந்து தொடங்கினோம். ஆறாவது சிலிண்டரின் காயிலையும் இரண்டு பிளக்குகளையும் எட்டாவதற்கு மாற்றினோம். இந்த எஞ்சினில் சிலிண்டருக்கு இரண்டு பிளக், மொத்தம் பதினாறு. மிஸ்ஃபயர் எட்டாவதற்கு நகராமல் ஆறிலேயே நின்றது. ஆகவே பிளக்கின் தீப்பொறியில் குறையில்லை. மேனிஃபோல்டு இணைப்பிலும் புதிதாகக் கரி இல்லை.

அடுத்து சிலிண்டருக்குள் காற்றை ஏற்றிக் கசிவைப் பார்த்தோம். ஆறாவது சிலிண்டர் மற்றவற்றைப் போலவே காற்றைப் பிடித்து நின்றது. இந்த முடிவை உரிமையாளருக்கு விளக்க வேண்டியிருந்தது. "காத்து கசியலேன்னா எஞ்சின் நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்டார். வால்வு நன்றாக மூடுகிறது என்பதற்கு மட்டும்தான் அந்தச் சோதனை சாட்சி. வால்வு போதுமான அளவு திறக்கிறதா என்பதை அது சொல்லாது. மூடுவது சரியாக இருந்தும் ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை என்றால் திறப்பதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

வால்வு கவரைக் கழற்றி, எஞ்சினைக் கையால் சுற்றி, டயல் கேஜ் வைத்து ஒவ்வொரு வால்வும் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்தோம். ஆறாவது சிலிண்டரின் இன்டேக் வால்வு பக்கத்தில் உள்ளவற்றைவிடத் தெளிவாகக் குறைவாக இறங்கியது. லிஃப்டரில் ஆயில் வடிந்திருந்தாலும் அளவு குறைவாகக் காட்டும் என்பதால் திரும்பவும் அளந்து உறுதி செய்தோம். அப்புறம் ஆயில் ஃபில்டரை வெட்டி மடிப்புகளை விரித்துப் பார்த்தோம். பொடிப்பொடியாக உலோகம். காந்தத்தில் ஒட்டியது, அதாவது எஃகு. கேம்ஷாஃப்ட்டோ லிஃப்டர் உருளையோ தேய்கிறது. பேரிங் உலோகம் காந்தத்தில் ஒட்டாது, ஒட்டாத துகள் கண்ணில் படும் அளவுக்கு இல்லை. அந்த ஒரு விஷயம் ஆறுதலாக இருந்தது.

ஃபில்டரை வெட்டிப் பார்க்க ஆகும் செலவு ஒன்றுமே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். முந்தைய பழுதின்போதே வெட்டியிருந்தால் எட்டு, ஒன்பது மாதம் முன்பாகவே தெரிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

பழைய சர்வீஸ் பில்களில் தெரிந்தது

உரிமையாளர் பில்களை ஒன்றுவிடாமல் ஒரு கோப்பில் வைத்திருந்தார். பல ஆண்டாக 10டபிள்யூ-40 ஆயில் ஊற்றப்பட்டு வந்திருந்தது. நம் ஊர்ச் சூட்டுக்குக் கெட்டியான ஆயில்தான் நல்லது என்று யாரோ சொன்ன யோசனை. ஆனால் இந்த எஞ்சினுக்கு விதிக்கப்பட்டது 5டபிள்யூ-20. காரணம், சீரான வேகத்தில் போகும்போது 1, 4, 6, 7 ஆகிய நான்கு சிலிண்டர்களை நிறுத்தி வைக்கும் ஏற்பாடு இதில் உண்டு. அந்தச் சிலிண்டர்களின் லிஃப்டர்களைப் பூட்டுவதும் விடுவிப்பதும் ஆயில் அழுத்தம்தான். அந்த வேலைக்கு ஆயிலின் கெட்டித்தன்மை பொருட்டாகிறது.

ஆயில்தான் குற்றவாளி என்று அடித்துச் சொல்ல மாட்டேன். விதித்த ஆயிலையே ஊற்றியவர்களுக்கும் இந்தப் பழுது வந்திருக்கிறது. நீண்ட நேரம் ஐடிலில், அதாவது கார் நகராமல் எஞ்சின் மட்டும் ஓடியபடி, நிற்பதும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. இந்த எஞ்சினில் கேம்ஷாஃப்ட் பிளாக்கில் உயரத்தில் இருக்கிறது. லிஃப்டர் உருளைக்குத் தெறித்து வரும் ஆயிலே பெரிய துணை, ஐடிலில் அந்தத் தெறிப்பு குறைவு. கடற்பாலத்தில் ஏர்கானைப் போட்டுக்கொண்டு ஊர்ந்த வார இறுதிகளை எண்ணிப் பார்த்தால் இந்தக் காருக்கு அது பொருந்துகிறது. அதோடு ஆண்டுக்கு ஓடும் தூரம் குறைவு. கிலோமீட்டர் கணக்கில் ஆயில் மாற்றியதால் ஒரே ஆயில் ஒரு வருடத்தையும் தாண்டி உள்ளே கிடந்திருக்கிறது.

முடிவெடுத்த விதம்

மூன்று வழிகள் இருந்தன. காரைப் பதிவு நீக்கிவிடலாம், வெளிநாட்டிலிருந்து ஓடிய எஞ்சின் ஒன்றை வரவழைத்துப் பொருத்தலாம், இல்லையேல் இருக்கிற எஞ்சினைப் பிரித்துச் சரி செய்யலாம்.

இந்தப் பேச்சுக்கு உரிமையாளரின் மனைவியும் வந்திருந்தார். காரை விட்டுவிடுவதுதான் சரி என்று நினைத்து வந்தவர். "இதைச் செஞ்சா 2028 வரைக்கும் ஓடுமா தம்பி, அதை மட்டும் சொல்லுங்க" என்றார். "உறுதி குடுக்க முடியாதுக்கா. கீழ பேரிங்கைப் பார்த்துட்டுச் சொல்றேன். அது போயிருந்தா நானே நிறுத்தச் சொல்லிடுவேன்" என்றேன். முழு வேலைக்கும் ஒரே அடியாக ஒப்புக்கொள்ளாமல், இடையில் நிறுத்தும் இடம் ஒன்றை வைத்தது அவர் கேள்வியால்தான். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

பதிவு நீக்கும் வழியைக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். கையில் திரும்பி வருவது 2018-ல் கட்டிய தொகையில் மீதமுள்ள ஆறு ஆண்டுக்கான பங்கு. அதை வைத்துக்கொண்டு வாங்க வேண்டியதோ 2022-ன் விலையில். பெரிய கார்களுக்கான பி பிரிவு உரிமைச் சான்றிதழின் விலை அந்த ஆண்டின் நடுவில்தான் ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டியிருந்தது. பழைய விலையில் வாங்கிய ஆறு ஆண்டுகளை விட்டுக்கொடுத்தால் அந்த விலைக்கு அது மறுபடி கிடைக்காது. காரின் மேல் உள்ள பிரியத்தை விலக்கி வைத்துப் பார்த்தாலும் கணக்கு பழுது பார்க்கும் பக்கம்தான் சாய்ந்தது.

ஓடிய எஞ்சினில் எனக்கு நம்பிக்கை இல்லை. அதே தலைமுறை, அதே லிஃப்டர்கள், எப்படி ஓட்டினார்கள் என்பதும் தெரியாது. எஞ்சின் எண் மாறினால் நிலப் போக்குவரத்து ஆணையத்திடம் முறைப்படி போக வேண்டும்.

நான்கு சிலிண்டரை நிறுத்தும் ஏற்பாட்டையே எடுத்துவிடலாமா என்றும் உரிமையாளர் கேட்டார். அமெரிக்காவில் பலர் செய்கிறார்கள். ஆனால் அதற்கு வேறு கேம்ஷாஃப்ட் வேண்டும், எஞ்சின் கணினியையும் மாற்றி எழுத வேண்டும். பத்து வயதைத் தாண்டிய காருக்கு இங்கே ஆண்டுதோறும் சோதனை, அதில் புகையும் உண்டு. வேண்டாம் என்று சொன்னேன். அந்த ஏற்பாடு இல்லாத சிலிண்டர்களிலும் லிஃப்டர் பழுதாவது உண்டு என்பது இன்னொரு காரணம்.

பிரித்தபோது

முதலில் கீழே திறந்தோம். ஆயில் பேன் கழற்ற எஞ்சினைத் தூக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. இரண்டு பேரிங்குகளைத் திறந்து பார்த்ததில் மெல்லிய கோடுகள் மட்டுமே தெரிந்தன. துகள்களை ஃபில்டர் பெரும்பாலும் பிடித்திருக்கிறது. இந்த இடத்தில்தான் மேலே போகலாம் என்று உரிமையாளரும் மனைவியும் சொன்னார்கள், அதன் பிறகே பாகங்களுக்கு ஆர்டர் போட்டோம்.

இந்த எஞ்சினில் லிஃப்டரை எடுக்க இரண்டு ஹெட்டையும் கழற்றியாக வேண்டும். கேம்ஷாஃப்ட்டை எடுக்க முன்பக்கம் ரேடியேட்டர், ஏர்கான் கண்டென்சர் எல்லாம் வெளியே வர வேண்டும். ஆறாவது சிலிண்டரின் இன்டேக் லிஃப்டர் உருளையில் குழிகள், உள்ளே ஊசி பேரிங்குகள் சிதைந்திருந்தன. உருளை சுற்றாமல் சறுக்கியதில் கேம் மேடு ஒரு பக்கமாகத் தேய்ந்து போயிருந்தது. இரண்டாவது சிலிண்டரில் ஒரு உருளையும் சொரசொரப்பாகத் தொடங்கியிருந்தது. அது நிறுத்தப்படும் சிலிண்டர் அல்ல.

பதினாறு லிஃப்டர், கேம்ஷாஃப்ட், டைமிங் செயின், ஆயில் பம்ப், ஹெட் கேஸ்கட், ஹெட் போல்ட் எல்லாம் புதிது. இந்த ஹெட் போல்ட்கள் இறுக்கும்போது நீண்டுவிடுபவை, திரும்பப் போடக் கூடாது. முன்பக்கம் திறந்தே இருந்ததால் வாட்டர் பம்ப்பையும் தெர்மோஸ்டாட்டையும் மாற்றினோம். இரண்டு பக்கமும் மேனிஃபோல்டு போல்ட்கள் புதிது.

பாகங்கள் வந்த வழி

எஞ்சின் பாகங்கள் எல்லாமே அமெரிக்காவிலிருந்து. அங்கே இந்த எஞ்சின் டாட்ஜ் ராம் பிக்கப்களிலும் ஓடுவதால் விலையும் கையிருப்பும் நன்றாகவே இருக்கின்றன. காத்திருப்பதுதான் செலவு. ஸ்டியரிங் இணைப்பில் ஒரு மூட்டு துருப்பிடித்திருந்தது. அது வலப்பக்க ஸ்டியரிங்குக்கே உரிய பாகம், அமெரிக்காவில் கேட்டுப் பயனில்லை. ஆஸ்திரேலியாவில் வலப்பக்க 300சி நிறைய ஓடுவதால் அங்கே கிடைத்தது. சேசிஸ் எண்ணை அனுப்பி, பாகத்தின் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகே பணம் கட்டினோம். கியர்பாக்ஸ் ஃபில்டர் மட்டும் மெர்சிடிஸ் பாகம் என்பதால் சிங்கப்பூரின் உபி வட்டாரத்திலேயே வாங்கினோம்.

கார் ஒர்க்‌ஷாப்பில் நின்றது இரண்டு மாதத்துக்கும் மேல். அதில் பெரும்பகுதி கப்பலுக்காகக் காத்திருந்த நேரம். சாலை வரியும் மாதாந்தர நிறுத்தக் கட்டணமும் அதுபாட்டுக்கு ஓடின. மொத்தச் செலவு பத்தாயிரம் வெள்ளியைத் தாண்டியது, பாதிக்கு மேல் கூலி.

அதன் பிறகு

எரிபொருள் பம்ப்பின் ஃபியூஸை எடுத்துவிட்டு, ஆயில் அழுத்தம் ஏறும்வரை எஞ்சினைச் சுழற்றி, பிறகே ஸ்டார்ட் செய்தோம். சத்தம் இல்லை. சில நூறு கிலோமீட்டரில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, வெட்டிப் பார்த்ததில் மிச்சத் துகள்கள் கொஞ்சம் இருந்தன. அடுத்த முறை வெட்டியபோது சுத்தம். ஆண்டுச் சோதனையில் தேறியது.

2023 அக்டோபரில் பி பிரிவு உரிமைச் சான்றிதழ் 150,001 வெள்ளியைத் தொட்டது. அன்று அவர் மனைவிதான் எனக்குச் செய்தி அனுப்பினார், "நல்ல வேளை செஞ்சோம் தம்பி" என்று. இப்படி ஏறும் என்று தெரிந்து நாங்கள் முடிவெடுக்கவில்லை. விலை சரிந்திருந்தால் அதே முடிவு இவ்வளவு சாதகமாகத் தெரிந்திருக்காது.

2024-ல் காலைச் சத்தம் மறுபடி வந்தது. இடப்பக்க மேனிஃபோல்டில் புதிதாகப் போட்ட போல்ட் ஒன்றே முறிந்திருந்தது. கழற்றிச் சமன் பார்த்தபோது மேனிஃபோல்டின் முகம் வளைந்திருந்தது. அதை இழைத்துப் பொருத்தினோம். இந்த முறை சூடான எஞ்சினிலும் கேட்டு, ஃபில்டரையும் வெட்டிப் பார்த்துவிட்டே காரைக் கொடுத்தோம். உள்ளே எதுவும் இல்லை.

இப்போது மாற்றியிருப்பவை

எங்கள் ஒர்க்‌ஷாப்பில் இந்த எஞ்சினோடு டிக் சத்தம் என்று எந்தக் கார் வந்தாலும், மேனிஃபோல்டு போல்ட் முறிந்திருப்பது கண்ணுக்குத் தெரிந்தாலும், அதோடு நிறுத்துவதில்லை. ஃபில்டரை வெட்டுகிறோம். போல்ட் மாற்றிய பின் எஞ்சின் நன்றாகச் சூடேறியதும் ஐடிலில் கேட்கிறோம். சத்தத்தில் கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் வால்வு இறக்கத்தை அளக்கிறோம். மேனிஃபோல்டைக் கழற்றினால் அதன் முகம் நேராக இருக்கிறதா என்று பார்க்காமல் திரும்பப் போடுவதில்லை.

உரிமையாளர் 5டபிள்யூ-20 ஆயிலை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுகிறார், கிலோமீட்டரைப் பார்ப்பதில்லை. ஜோகூருக்குப் பெரும்பாலும் பேருந்தில் போகிறார்கள். 300 வரிசையின் தயாரிப்பு 2023 கடைசியில் கனடாவின் பிராம்ப்டன் ஆலையில் நின்றுவிட்டது. எஞ்சின் பாகங்களுக்கு இன்னும் பல ஆண்டு கவலையில்லை. ஸ்டியரிங் ரேக் போன்ற வலப்பக்கப் பாகங்கள்தான் முதலில் அரிதாகும். அதனால் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு ரேக்கை இப்போதே வாங்கி வைத்திருக்கிறார். 2028-ல் புதுப்பிக்கலாமா என்பதை அந்த நேரத்துப் பிரீமியத்தையும் ஃபில்டரையும் பார்த்து முடிவு செய்யலாம் என்று பேசி வைத்திருக்கிறோம்.